கைப்பையில் ஒரு வில்லுக்கத்தி

கேள்வி: நான் எப்போதும் சிறிய மடக்குக் கத்தி ஒன்று வைத்திருப்பேன். என் பதினைந்து வயது மகனும் கத்திகள் சேகரிக்க ஆசைப்படுகிறான். யாழ்ப்பாணத்தில் இதை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

என் கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு வில்லுக்கத்தி இருக்கும். வீட்டு அலுமாரியில் இன்னும் முப்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. நான் ஐம்பத்து மூன்று வயதுப் பெண். வலிகாமத்துத் தோட்டங்களில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். பயந்தவர்கள், முகம் சுளித்தவர்கள், கேலி செய்தவர்கள், கண் கலங்கியவர்கள் என்று பல வகையினரைச் சந்தித்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் ஆசையும் இதில் கலந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தபோது, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு சுவிஸிலிருந்து ஊர் பார்க்க வந்தார் சித்தப்பா. அவர் கொண்டுவந்ததுதான் அந்தக் கத்தி. சிவப்புப் பிடி, இரண்டு அலகு, கத்தரிக்கோல், தகரப்பேணி திறக்கும் கொக்கி, பல்லுக்குச்சி. இபாக் என்ற சின்ன ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறைதான் பிறகு விக்டோரினொக்ஸ் என்ற கத்தி நிறுவனம் ஆனது. 1891இல் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கி, 1897இல் அதிகாரிகளுக்கென்று இலேசான கத்தியைச் செய்தார்கள். தான் வாழும் நாட்டைப் பற்றிய பெருமையோடு இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கத்தியை என்னிடம் நீட்டினார். குசினி வாசலில் நின்ற அம்மா பதறிப்போனார். "கைக்குக் கை கொடுக்காதே. மேசையில் வை, அவள் எடுக்கட்டும்." கத்தி கைமாறினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சித்தப்பா மேசையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். இன்றும் நான் யாருக்கும் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை.

சமாதான காலத்தில் ஒரு சோதனைச்சாவடியில் இளம் சிப்பாய் ஒருவர் அதன் அலகுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். எல்லாம் விரிந்தபோது அவர் உள்ளங்கையில் அது நண்டு மாதிரி நின்றது. பல்லுக்குச்சியை இழுத்துப் பார்த்தவர், சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தார். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. அதன் பிறகு அப்படி ஒரு சிரிப்பை எவரிடமும் எதிர்பார்க்க முடியாது. கத்தியை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். போர் முடிந்த 2009ஆம் ஆண்டு கழியும் வரை அதை வெளியே எடுக்கவில்லை. கைப்பையில் இருந்த ஒரு பொருளுக்காக ஒருவர் வீடு திரும்பாமலே போய்விடக்கூடிய காலம் அது. ஆகவே, இங்கே வயதில் மூத்த ஒருவர் உங்கள் கத்தியைக் கண்டு முகம் மாறினால், உங்களைச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வேளைகளில் அவர் உங்களுக்காகப் பயப்படுகிறார்.

போருக்குப் பின் வளர்ந்தவர்களின் பயம் வேறு. முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வரும் கும்பல்கள், கேற்றையும் யன்னலையும் ஆட்களையும் வெட்டிவிட்டுப் போன வாள்வெட்டுச் செய்திகளைப் படித்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை நான் நேரில் பார்த்தது பருத்தித்துறை பஸ்ஸில். பக்கத்து இருக்கையில் ஒரு தாயும் சின்ன மகளும். சிறுமியின் சட்டை நாடா, இருக்கையின் உடைந்த கம்பியில் சிக்கிக்கொண்டது. பிள்ளை அழத் தொடங்கியது. அன்று என்னிடம் இருந்தது சித்தப்பாவின் கத்தி அல்ல. பெருவிரலால் தள்ளினால் டக்கென்று விரிந்து பூட்டிக்கொள்ளும் ஒரு கத்தி. எதுவும் சொல்லாமல் எடுத்து விரித்தேன். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், தாய் மகளைப் பறித்து இழுத்தார், நாடா கிழிந்தது. பின் இருக்கையில் பேசிக்கொண்டு வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். "நாடாவை வெட்டத்தான் பிள்ளை" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் நெல்லியடி வரும்வரை மகளை மடியிலிருந்து இறக்கவில்லை.

பிழை முழுவதும் என்னுடையது. அந்தக் கத்தி அதன் பிறகு அலுமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. இப்போதெல்லாம் முதலில் வாயால் சொல்வேன்: "என்னிடம் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது, எடுக்கட்டுமா?" பிறகு இரண்டு கையாலும் மெதுவாக விரிப்பேன். கத்தரிக்கோல் போதுமென்றால் அலகைத் தொடவே மாட்டேன். வேலை முடிந்த கையோடு மடித்து உள்ளே வைத்துவிடுவேன். இவ்வளவும் செய்தால், நேற்றுவரை பயந்தவர்களே நாளைக்குப் பார்சல் கயிறு வெட்ட உங்களைத் தேடி வருவார்கள். எங்கள் அலுவலகத்தில் அதுதான் நடந்தது.

கொல்லர்களும் கும்பல்களின் அந்த வாள்களுக்காக ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். வாள் செய்து கொடுத்ததாகப் பட்டறைக்காரர்கள் பிடிபட்ட செய்திகள் வந்தன. எனக்குப் பழக்கமான கம்மாலை ஒன்று இருக்கிறது. பழைய லொறி வில்லுத் தகட்டைச் சிரட்டைக் கரியில் காய்ச்சி அடித்து அருமையான கத்திகள் செய்வார் அந்த அண்ணை. ஒருமுறை வாழைக்குலை வெட்ட நீளமான அலகு ஒன்று வேண்டுமென்று கேட்டேன். பத்து ஆண்டுப் பழக்கம். ஆனாலும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எதற்குத் தங்கச்சி இவ்வளவு நீளம்?" என்று கேட்டார். விளக்கம் சொன்ன பிறகும், முழங்கை அளவுக்கு மேல் தான் எதுவும் அடிப்பதில்லை என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியென்றே எனக்குப் பட்டது.

நான் பெண் என்பதால் இன்னொரு கேள்வியும் தவறாமல் வரும்: "பாதுகாப்புக்கா?" ஆமாம் என்றால் உடனே எல்லோரும் தலையாட்டுவார்கள். நுங்கு தோண்ட, மாங்காய் சீவ, ஒட்டுக்கட்டிய நாடாவை அறுக்க என்று உண்மையைச் சொன்னால்தான் நம்ப மாட்டார்கள். ஒரு பெண்ணின் கையிலுள்ள கருவிக்குப் பயத்தைத் தவிர வேறு காரணமே இருக்காது என்று முடிவு கட்டிவிடுவது எனக்கு மனவருத்தம் தருகிறது. நடுங்கும் கையிலுள்ள ஆறு சென்ரிமீற்றர் அலகு எவரையும் காப்பாற்றாது. பறிபோய் எதிராளியின் கையில் முடியும். பாதுகாப்புக்கென்று கத்தி வைத்திருக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வைத்திருக்காதீர்கள்.

இனி அலுமாரிக்கு வருகிறேன். வீட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இதில் சேகரிக்க என்ன இருக்கிறது?" என்றுதான். அவர்களிடம் ஒரு மாமரத்து ஒட்டுக்கத்தியை மேசையில் வைத்துக் காட்டுவேன். அதன் அலகு ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அப்போதுதான் வெட்டு தட்டையாக விழும், ஒட்டுக்கிளையும் தாய்க்கன்றும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். சமனலவெவப் பக்கம், பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகளில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை காற்றின் வேகத்தாலேயே உலை மூட்டி உருக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வேன். கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அந்த உலையைத் திரும்பக் கட்டி, எரித்துக் காட்டி, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். நாம் மிதித்து நடக்கும் இந்தத் தீவின் இரும்புக்கு அவ்வளவு பழைய கதை இருக்கிறதென்று கேட்டதும் சிலர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மாமி மட்டும் மசியவில்லை. வீட்டில் ஆயுதம் அடுக்கினால் சண்டை வரும் என்பது அவர் வாதம். நான் தர்க்கம் செய்யவில்லை. நல்லூரில் மூலத்தானத்தில் நாம் கும்பிடுவது முருகனின் வேலைத்தானே, விஜயதசமிக்குக் கோயிலில் வாழை வெட்டுவதையும் போய்ப் பார்க்கிறோமே என்று மட்டும் சொன்னேன். அடுத்த சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு மூன்று கத்திகளையும் வைத்தேன். மாமி ஒன்றும் பேசவில்லை; சந்தனம் குழைத்துக் கொண்டுவந்து மூன்றுக்கும் பொட்டு வைத்தார்.

அலுமாரியில் வயதான பெண்களின் கை முதலில் போவது அம்மம்மாவின் சத்தகத்துக்குத்தான். ஓலை வார்ந்து வார்ந்து அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. கடகமும் நீத்துப்பெட்டியும் பாயும் அந்தச் சின்ன அலகால் வந்தவை. கனடாவிலிருந்து வந்த எழுபது வயது அம்மா ஒருவர் அதை எடுத்தார். விரல்கள் தாமாகவே இல்லாத ஓலையை வாரத் தொடங்கின. பிறகு அழுதார். அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

நடுத்தட்டில் ஒரு பாளைக்கத்தி இருக்கிறது. என்னிடமுள்ளவற்றில் மிகக் கூர்மையானது அதுதான். பனம்பாளையின் நுனியை நாளுக்கு இரண்டு முறை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் முடிந்துவிடும். அலகு மழுங்கி நுனி நசிந்தால் வடிவது குறைந்துவிடும். அதனால் மரப்பலகையில் வெள்ளைக்கல் தூள் தூவி, சவரக்கத்தி போலத் தீட்டி வைத்திருப்பார்கள். முட்டியில் கள் இறக்கினாலும், சுண்ணாம்பு தடவிக் கருப்பநீர் (பதநீர்) இறக்கினாலும் கத்தி அதுதான். எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் மரம் ஏறிய ஐயா ஒருவர், முழங்கால் ஒத்துழைக்காத காலத்தில் அதை எனக்குத் தந்தார்.

என் உறவினர் ஒருவர் அலுமாரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரான்ஸிலிருந்து மச்சாள் கொண்டுவந்த ஒபினல் கத்தியை எடுத்துப் பார்த்து, விலை கேட்டு, வியந்தார். பாளைக்கத்தியைக் கண்டதும், "இதையெல்லாம் ஏன் விறாந்தையில் வைத்திருக்கிறாய்? வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். அந்த ஒபினலும் 1890இல் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒபினல் என்பவர் உழைப்பாளிகளுக்காகச் செய்யத் தொடங்கிய மலிவான மரப்பிடிக் கத்திதான். பிரெஞ்சு உழவனின் கத்தி அவருக்கு அழகாக இருந்தது. நம் ஊர் சீவல் தொழிலாளியின் கத்தி தீட்டாக இருந்தது. கத்தியைப் பற்றி நான் கண்ட எதிர்வினைகளில் என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடியும், மன்னிக்கவும் முடியும். இது சாதி. அன்றே பாளைக்கத்தியைக் கீழ்த்தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு மாற்றினேன்.

சில மாதங்கள் கழித்து, பேத்தியின் திருமணத்துக்குச் சொல்ல அந்த ஐயா வந்தார். படியிலேயே நின்றார். பலமுறை கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். நடுத்தட்டில் தன் கத்தியைக் கண்டார். எழுந்து போய் எடுத்து, அலகில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். "துருப்பிடிக்க விட்டுவிட்டீர்களே, பிள்ளை" என்று கடிந்துகொண்டார். இங்கே உப்புக்காற்று; கரியுருக்குக்கு வாரம் ஒருமுறையாவது தேங்காய் எண்ணெய் பூச வேண்டும், நான் தவறவிட்டிருந்தேன். ஒரு பலகை கேட்டு வாங்கி, அரைமணி நேரம் விறாந்தையில் இருந்து தீட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வேறு மாதிரி. இலண்டனில் இருக்கும் மருமகன் ஒரு சத்தகம் கேட்டான். அனுப்பலாமா என்று தங்கையிடம் கேட்டபோது, "கத்தி என்ற சொல்லையே எடுக்காதே அக்கா" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குத்துப்பட்ட செய்தி வராத மாதம் அவளுக்கு இல்லை. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியை மட்டுமே தகுந்த காரணமில்லாமல் பொது இடத்துக்குக் கொண்டுபோகலாம். சத்தகம் மடங்காது. அவன் ஊருக்கு வரும்போது இங்கேயே ஓலை வார்ந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். சேகரிக்கட்டும், ஆனால் வீட்டில். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் கொண்டுபோகக் கூடாது. கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, நீதிமன்ற வளாகம் போன்ற இடங்களுக்கு நீங்களும் கொண்டுபோகாதீர்கள். விமானத்தில் போவதென்றால் கையில் வைத்திருக்கும் பையில் வேண்டாம், ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், கத்தியோடு நின்று படம் எடுத்து முகநூலில் போட விடாதீர்கள். வாளுடன் படம் போட்டுக் கைதான இளைஞர்களைப் பற்றி இங்கே செய்தி வந்திருக்கிறது. பதினைந்து வயதுப் பையனின் விளையாட்டையும் கும்பலின் மிரட்டலையும் ஒரு படத்தை வைத்து எவராலும் பிரித்தறிய முடியாது. கத்தியின் படம் மட்டும், வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் ஒரு அடிமட்டத்தோடு எடுக்கச் சொல்லுங்கள். சேகரிப்பவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள்.

முதலில் அவனுக்குச் சாணை பிடிக்கப் பழக்குங்கள். பொறுமை இல்லாதவன் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவான். அவன் விடாமல் இருந்தால், சந்தையில் ஒரு சத்தகம் வாங்கி மேசையில் வையுங்கள், அவன் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு குருத்தோலையையும் பக்கத்தில் வையுங்கள்.