தேதியில்லாத தாளில் கையெழுத்து கேட்கிறார்கள்

கூட்டமே நடக்காமல், பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸின் வருகைத்தாளில் துறைத்தலைவர் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார், தேதி போடும் இடம் காலி என்கிறீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு ஆடிட்டில் மாட்டினால் உங்கள் கையெழுத்தும்தான் பேசும்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தன்னாட்சிக் கல்லூரியில் துறைத்தலைவர் அந்தக் குழுவின் தலைவர், அவ்வளவுதான். துறை ஆசிரியர்கள், வெளி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர் எல்லாரும் உறுப்பினர்கள். குழு பரிந்துரைத்ததை கல்லூரி முதல்வர் தலைமையிலான அகாடமிக் கவுன்சில் (கல்விக் குழு) அங்கீகரிக்க வேண்டும். உடன்படாவிட்டால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கலாம்.

"கூட்ட நாளும் நிகழ்ச்சி நிரலும் தெரிவித்தால் கலந்துகொள்கிறேன்" என்று துறைத்தலைவருக்கு இரண்டு வரி எழுதி, முதல்வருக்கும் நகல் வைத்து, தபால் பிரிவில் பெற்றுக்கொண்டதற்கான சீல் வாங்கிவிடுங்கள். எடுத்த எடுப்பில் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு வேண்டாம். கட்டணம் பத்து ரூபாய்தான், ஆனால் துறைக்குள் முகம் பார்த்துப் பேச ஆளிருக்காது.