இன்சூரன்ஸைத் தொடாமல் நாங்களே பேசி முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: சென்ற வாரம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது பிரேக்கிலிருந்து என் கால் நழுவி, முன்னால் நின்ற காரின் பின்புறத்தில் என் கார் மெதுவாக மோதிவிட்டது. அந்தக் காரின் பம்பரில் ஒரு கீறலும் சிறு நசுங்கலும் தெரிந்தன. என் காரில் நம்பர் பிளேட் வளைந்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. காரை ஓட்டிவந்த பெரியவர் கோபப்படவில்லை. "இன்சூரன்ஸ் என்று அலைய வேண்டாம், நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்" என்றார். உடனிருந்த அவருடைய மனைவி, கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஒன்றுமில்லையம்மா, பயப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றிரவே பதற்றத்தில், "தவறு என்னுடையது, முழுச் செலவையும் தந்துவிடுகிறேன்" என்று பெரியவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். இப்போது ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட்டை அனுப்பிப் பணம் கேட்கிறார். "கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு" என்கிறார் என் கணவர். "பிறகு எதற்காகப் பிரீமியம் கட்டுகிறோம்? க்ளெய்ம் செய்" என்கிறான் தம்பி. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, சிறிய மோதலை இரு தரப்பும் மரியாதையாகப் பேசி முடித்துக்கொள்வதில் தவறு எதுவுமில்லை. பல சமயங்களில் அதுவே செலவும் அலைச்சலும் குறைந்த வழி. ஆனால் இப்போது உங்கள் கையிலிருக்கும் எஸ்டிமேட்டை நம்பி, இன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் முதலாவது பம்பரைப் பற்றியதே அல்ல.

பெரியவரின் மனைவி கழுத்தைத் தடவிக்கொண்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அந்த ஒரு வரிதான். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதும்போது உடல் இருக்கையோடு சேர்ந்து முன்னே தள்ளப்படுகிறது. தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே வந்து விழுகிறது. கழுத்தின் தசைகளும் தசைநார்களும் அந்த ஒரு கணத்தில் இழுபடுகின்றன. மெதுவான மோதலிலும் இது நிகழக்கூடும். வலியும் இறுக்கமும் தலைவலியும் உடனே தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைகாட்டுவது சாதாரணம். வயதானவர்களுக்குக் கழுத்தெலும்பில் முன்பே தேய்மானம் இருந்தால் குணமாக நாளாகும். அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னது பெருந்தன்மை. அதை மருத்துவரின் சொல்லாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அவரை விசாரியுங்கள். இன்னும் வலி இருந்தால், கைவிரல்களில் மரத்துப்போன உணர்வு இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் இதை மனிதத்தன்மையின் பேரில் கேளுங்கள். பணக் கணக்கு பிறகு வரட்டும்.

அந்தக் கணக்கிலும் இது பெரிய விஷயந்தான். வாகனச் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு; எவ்வளவு போனாலும் அந்தக் காரின் மதிப்பைச் சுற்றித்தான் நிற்கும். உடற்காயத்துக்கு அப்படிப்பட்ட எல்லை கிடையாது: சிகிச்சை, பிசியோதெரபி, வேலையிழப்பு என்று அது எங்கே போய் முடியும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. மேலும், பெரியவர் "கணக்குத் தீர்ந்தது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும், அது அவருடைய மனைவியைக் கட்டுப்படுத்தாது. அந்த அம்மையார் தனி நபர்; அவருடைய உரிமை அவருடையது. காயத்தின் சாயல் இருக்கும் எந்த விபத்தையும் தனிப்பட்ட முறையில் முடிக்கலாகாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

எனவே உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இன்றே தகவல் சொல்லிவிடுங்கள். தகவல் சொல்வதும் க்ளெய்ம் செய்வதும் ஒன்று என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்; இரண்டும் வேறு. "இப்படியொரு சம்பவம் நடந்தது, இப்போதைக்கு நான் எதுவும் கோரவில்லை, பதிவுக்காகத் தெரிவிக்கிறேன்" என்று எழுத்தில் சொல்லி, அதற்கான எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய எல்லா மோட்டார் பாலிசிகளிலும், க்ளெய்ம் வரக்கூடிய சம்பவம் நடந்தால் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். சிலவற்றில் 24 மணி நேரம் என்று கெடுவும் இருக்கும். நீங்கள் மௌனமாக இருந்து, 6 மாதம் கழித்து மருத்துவச் செலவு கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால், "எங்களுக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்பதுதான் நிறுவனத்தின் முதல் கேள்வியாக இருக்கும். பல நாடுகளில், காயம்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, நிபந்தனையை மீறியதாகச் சொல்லி அதை உங்களிடமிருந்து வசூலிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. தகவல் சொன்னாலே அடுத்த ஆண்டுப் பிரீமியம் சற்று உயரக்கூடிய இடங்களும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் உங்கள் நிலையில் அந்தச் சிறு செலவை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். அந்த அழைப்பிலேயே, இத்தகைய விபத்தைக் காவல்துறையிடமும் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். காயம் இருந்தால் கட்டாயம் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன.

நீங்கள் அனுப்பிய செய்தியைப் பற்றி இப்போது சொல்கிறேன். வருத்தம் தெரிவித்ததில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் "முழுச் செலவையும் தந்துவிடுகிறேன்" என்ற வாக்குறுதி, நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தர ஒப்புக்கொள்ளவோ கூடாது என்று பல பாலிசிகளில் இருக்கும் ஷரத்தோடு மோதும். அதற்காக அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். அவருடைய போனில் அது இருக்கத்தான் போகிறது. நடந்ததை நடந்தபடி நிறுவனத்திடம் சொல்லுங்கள். நிதானமாக உண்மையைச் சொல்பவரிடம் கடுமை காட்டும் அவசியம் பெரும்பாலும் அவர்களுக்கு வருவதில்லை. இனிமேல் பெரியவருக்கு எழுதும்போது மட்டும் தொகையைப் பற்றி எந்த வாக்குறுதியும் கொடுக்காமல் எழுதுங்கள்.

எஸ்டிமேட்டுக்கு வருவோம். இப்போதைய கார்களில் வெளியே தெரியும் பம்பர் என்பது பிளாஸ்டிக் மேலுறைதான். பல சமயங்களில் அது இடித்தவுடன் உள்ளே அமுங்கி, ஏறக்குறையப் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அப்போது பார்ப்பவருக்கு ஒரு கீறலோ சிறு நசுங்கலோதான் தெரியும். அதற்குப் பின்னால் அதிர்வைத் தாங்கும் நுரைப் பட்டையும், அதற்கும் பின்னால் குறுக்கே செல்லும் உலோகச் சட்டமும், அவற்றைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் பிராக்கெட்டுகளும் இருக்கின்றன. பார்க்கிங் சென்சார்கள் மேலுறையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டில் வரும் வண்டியை எச்சரிக்கும் ரேடார் உள்ள கார்களில் அது பம்பரின் இரு மூலைகளிலும் உள்ளே மறைந்திருக்கும். அது இருந்த கோணத்திலிருந்து சற்று விலகினாலும் பழுதுபார்த்தபின் மறுபடி அளவீடு செய்ய வேண்டியிருக்கும். அதற்குத் தனிக் கட்டணம். ஆகையால் பம்பரைக் கழற்றாமல் போட்ட எஸ்டிமேட் வெறும் அனுமானமே. அவர் அனுப்பிய தாளில் "பம்பர் பெயின்டிங்" என்று மட்டும் இருந்தால், நாளை "உள்ளே சட்டமும் வளைந்திருக்கிறதாம்" என்று அவர் நேர்மையாகவே திரும்பி வரக்கூடும். மாறாக, டிக்கிக் கதவு, இரு பக்க விளக்குகள் என்று பட்டியல் நீண்டிருந்தால், அன்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கிக் கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்பது, உலோகம் நகர்ந்திருக்கிறதா என்பதற்கு நல்ல அடையாளம். பம்பரைக் கழற்றிய நிலையில் படங்களும் புதிய எஸ்டிமேட்டும் கேட்பது உங்கள் உரிமை. அதில் அவமரியாதை எதுவுமில்லை. உங்கள் காரையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நம்பர் பிளேட் வளைந்திருக்கிறதென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரும் ஏசி கண்டன்சரும் பானெட்டின் பூட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான், யார் கையிலிருந்து பணம் போவது லாபம் என்ற கேள்வியே வருகிறது. பழுதுச் செலவை அடுத்த ஆண்டுப் பிரீமிய உயர்வோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். அது அரைக் கணக்கு. க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ க்ளெய்ம் போனஸ். அது ஒருமுறை போனால் மறுபடி ஏறிவரப் பல ஆண்டுகள் ஆகும். ஓர் உதாரணத்துக்கு, முழுப் பிரீமியம் 100 என்றும், உங்களுக்கு 40 சதவீத போனஸ் இருப்பதால் 60 கட்டுகிறீர்கள் என்றும் வையுங்கள். க்ளெய்முக்குப் பிறகு அடுத்தடுத்த ஆண்டுகளில் 100, 80, 70 என்று கட்டி, நான்காம் ஆண்டில் 60-க்குத் திரும்பினால், கூடுதலாகப் போனது 40, 20, 10 ஆக மொத்தம் 70. உங்கள் காரையும் க்ளெய்மில் சேர்த்தால், எக்சஸ் அல்லது டிடக்டிபிள் என்று பாலிசியில் குறிக்கப்பட்டிருக்கும், நீங்கள் கையிலிருந்து தந்தே ஆகவேண்டிய தொகையையும் இதோடு கூட்டுங்கள். இரண்டு கார்களின் பழுதும் சேர்ந்து இந்தக் கூட்டுத்தொகையைத் தாண்டினால் க்ளெய்ம். வெகுவாகக் குறைந்தால் கைப்பணம். ஆனால் போனஸின் விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் உங்கள் சொந்தக் காருக்காகக் கோரினால்தான் போனஸ் குறையும், எதிர்த்தரப்புக்குக் கொடுத்தால் குறையாது. சில இடங்களில் எதற்காகக் கோரினாலும் குறையும். முதல் க்ளெய்மை மன்னிக்கும் பாலிசிகளும் உண்டு. இன்னும் சில இடங்களில், நிறுவனம் செலவை முதலில் ஏற்றுக்கொண்டு, அந்தத் தொகையை நீங்கள் குறித்த காலத்துக்குள் திருப்பிச் செலுத்தினால் போனஸை அப்படியே விட்டுவைக்கும். அப்படியொரு வசதி உங்கள் பாலிசியில் இருக்குமானால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆகவே இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

உங்கள் தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிரீமியம் என்பது எடுத்தே தீரவேண்டிய சேமிப்பு அல்ல. நம்மால் தாங்க முடியாத இழப்பு வரும்போது நம்மைக் காப்பதற்கான கட்டணம். அதே காரணத்தால்தான், பின்னால் ஒரு காயக் கோரிக்கை வந்தால் நிம்மதி பறிபோகும் என்பதால், "கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு" என்ற உங்கள் கணவரின் யோசனையையும் அப்படியே ஏற்க முடியவில்லை.

நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: "ஐயா, வணக்கம். அம்மாவின் கழுத்துவலி எப்படி இருக்கிறது? வலி இருந்தால் தயவுசெய்து மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலிசி நிபந்தனைப்படி என் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. உங்களை அலையவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. பம்பரைக் கழற்றிப் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும் எஸ்டிமேட்டையும் படங்களையும் அனுப்பிவைத்தால், நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு உடனே பதில் சொல்கிறேன்." நேர்மையான மனிதருக்கு இதில் வருந்த எதுவுமில்லை.

அம்மையாருக்கு நலம், தொகையும் சிறியது, நிறுவனமும் ஆட்சேபிக்கவில்லை என்றால் தாராளமாக நேரடியாகக் கொடுங்கள். ரொக்கமாக வேண்டாம், இறுதி பில்லின் பேரில் வங்கி வழியாக, முடிந்தால் ஒர்க்‌ஷாப்புக்கே செலுத்துங்கள். சம்பவம் நடந்த நாள், நேரம், இடம், இரு வண்டிகளின் எண்கள், கொடுத்த தொகை ஆகியவற்றைக் குறித்து, இந்தச் சம்பவத்தால் வண்டிக்கு ஏற்பட்ட, இனித் தெரியவரக்கூடிய சேதம் அனைத்துக்கும் இதுவே இறுதித் தொகை என்றும், இது சட்டப் பொறுப்பை ஒப்புக்கொள்வதாகாது என்றும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திட வேண்டியவர் வண்டியின் உரிமையாளர்; அந்தக் கார் அலுவலகத்தின் பெயரிலோ மகனின் பெயரிலோ இருந்தால், ஓட்டிவந்தவரின் கையெழுத்து போதாது. பெரியவர் பிற்பாடு தம் சொந்த இன்சூரன்ஸிலும் கோரிவிட்டால், அந்த நிறுவனம் செலவைத் திருப்பிக் கேட்டு உங்களிடம் வரக்கூடும். அப்போது இந்தத் தாளும் வங்கிப் பதிவும்தான் உங்களுக்குத் துணை. அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும் படிவத்தில் விபத்து எதுவும் நடந்ததா என்று கேட்டிருந்தால், க்ளெய்ம் செய்யாவிட்டாலும் "ஆம்" என்றே எழுதுங்கள். மறைத்தது தெரியவந்தால், பெரிய விபத்து ஒன்று நேரும் நாளில் பாலிசியே செல்லாததாகிவிடக்கூடும்.

பெரியவர் பம்பரைக் கழற்றிக் காட்ட மறுத்தாலோ, தாளில் கையெழுத்திடத் தயங்கினாலோ, "ரொக்கமாக இன்றே" என்று அவசரப்படுத்தினாலோ, அவரோடு வாதாட வேண்டாம். க்ளெய்ம் எண்ணையும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் அவருக்கு அனுப்பிவிட்டு, இனி அவர்கள் உங்களோடு பேசுவார்கள் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வரும் எந்தச் செய்திக்கும் நீங்களாகப் பதில் எழுதாமல், நிறுவனத்துக்கே அனுப்பிவையுங்கள்.