பழங்காலக் கிரேக்கத் துறைமுக நகரங்களில் உங்கள் மனத்தைவிட்டு அகலாதது எது?

மிலேட்டஸ். இன்றைய துருக்கியின் மேற்கில், பாலாத் என்ற சிற்றூருக்கு அருகில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் நான்கு துறைகள் கொண்டிருந்த நகரம் அது. இன்று அங்கிருந்து கடலைத் தொட பல கிலோமீட்டர் போக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். சுமார் 15,000 பேர் அமரக்கூடிய கல் அரங்கம் இன்னும் நிற்கிறது. அதன் உச்சிப் படியில் ஏறி மேற்கே பார்த்தால் பருத்தி வயல்கள். வயல்களுக்கு நடுவே தாழ்வான ஒரு குன்று. லாடே தீவு எதுவென்று கேட்டேன். அந்தக் குன்றைத்தான் காட்டினார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஏனென்றால் மிலேட்டஸின் தலையெழுத்து மாறியது அந்தத் தீவருகே நடந்த கடற்போரில்தான். கருங்கடலைச் சுற்றி சினோப், ஓல்பியா என்று வரிசையாகக் குடியேற்றங்களை நிறுவி, தானியமும் மீனும் கம்பளியும் விற்று வளர்ந்த ஊர் இது. தத்துவஞானி தேலீஸும், உலகப் படம் வரைந்த அனாக்ஸிமாண்டரும் இங்கே பிறந்தவர்கள். பல நாட்டு மாலுமிகள் வந்து போகும் துறையில்தான் உலகம் எப்படி இருக்கும் என்ற கேள்வி பிறக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிமு 499இல் பாரசீகப் பேரரசுக்கு எதிராக அயோனிய நகரங்கள், அதாவது இந்தக் கரையோரத்துக் கிரேக்க நகரங்கள், கிளர்ந்தெழுந்தபோது முன்னால் நின்றது மிலேட்டஸ். ஐந்தாண்டுகள் கழித்து லாடேயில் 353 கிரேக்கக் கப்பல்கள் 600 பாரசீகக் கப்பல்களை எதிர்கொண்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். போர் தொடங்கியதும் கிரேக்கர் பக்கம் நின்ற சாமோஸ் தீவினரில் பெரும்பாலோர் பாய் விரித்து வீடு திரும்பிவிட்டார்கள். அவர்களில் 11 கப்பல்கள் மட்டும் நின்று போரிட்டன. பிறகு நகரம் விழுந்தது. ஆண்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளானார்கள். எஞ்சியவர்களை டைகிரிஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள்.

ஏதென்ஸில் ஃபிரினிக்கஸ் என்ற கவிஞர் இந்த வீழ்ச்சியை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்று தடையும் போட்டார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் மனம் கனக்கிறது.

ஆனால் மிலேட்டஸ் அப்போது சாகவில்லை. நேர்கோட்டுத் தெருக்களோடு மறுபடி எழுந்தது. கிமு 334இல் அலெக்சாண்டர் முற்றுகையிட்டுப் பிடித்தார், அதையும் தாங்கியது. ரோமர் காலத்தில் மேலும் செழித்தது. அப்போது எழுப்பிய சந்தை வாயில், மாடிகளும் தூண்களுமாக, பெர்லினின் பெர்கமோன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

நகரத்தை உண்மையில் முடித்தது மியாண்டர் ஆறு. வளைந்து வளைந்து ஓடும் அந்த ஆறு மலைச் சரிவுகளின் மண்ணை அரித்து வந்து, ஆண்டுதோறும் வளைகுடாவில் கொட்டியது. வண்டல் ஏற ஏறத் துறைகள் மேடாயின. வளைகுடாவின் உட்பகுதி துண்டுபட்டு பாஃபா என்ற ஏரியானது. கப்பல் வராத துறைமுகத்தில் வணிகருக்கு என்ன வேலை? கொஞ்சம் கொஞ்சமாக ஊர் காலியானது.

முக்கியத் துறையின் வாயிலில் இருபுறமும் காவலுக்கு இரண்டு பளிங்குச் சிங்கங்களை வைத்திருந்தார்கள். நான் பார்த்த சிங்கம் பாதி உடல் சேற்றில் புதைந்து, நாணலுக்கு நடுவே கிடந்தது.