பெரியப்பா சிரித்தால் சிரிக்கட்டும்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ஏ-லெவல் கடைசி ஆண்டு: உயிரியல், வேதியியல், வரலாறு. வீட்டில் எல்லோரும் மருத்துவம் என்கிறார்கள். பெரியப்பா டாக்டர், அவருடைய பிள்ளைகள் இருவரும் டாக்டர். இவளோ வட இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ரோமானியக் குளியல் கட்டடத்தைத் தோண்டுவதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அகழாய்வுதான் என்கிறாள். "நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்" என்கிறார் அம்மா.

பயப்படாதீர்கள் அம்மா, இந்த வயதில் ஒன்றின் மேல் பிடிப்பு வருவது நல்லதுதான். ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியது அவளுக்கல்ல, உங்களுக்கு. மனமில்லாமல் மருத்துவத்துக்குப் போகும் பிள்ளை நேர்முகத்திலேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாமல் உள்ளே போய் மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தால், கடன் அவள் பெயரில்தான் இருக்கும், பெரியப்பா பெயரில் அல்ல.

"தோண்டுகிறதுக்கு யார் காசு குடுப்பினம்?" என்று அவர் கேட்கிறாராம். கட்டுகிறவர் கொடுப்பார். இங்கிலாந்தில் 1990 முதல் நடைமுறை அதுதான்: பழமை புதைந்திருக்கக்கூடிய நிலத்தில் கட்ட வந்தால் ஆய்வுச் செலவு கட்டுமானக்காரர் தலையில். கார்லைலிலேயே 2015 வெள்ளத்துக்குப் பின் கிரிக்கெட் கிளப் புதுக் கட்டடம் எழுப்பப் போய்த்தான் 2017இல் இந்தக் குளியல் கட்டடம் வெளிப்பட்டது. வீட்டு மனையும் ரயில் பாதையும் குழாய்ப் பள்ளமும்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போடுகின்றன. மியூசியம் அல்ல.

சரி, அப்படியானால் பேர் பெற்ற பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பட்டமாவது எடுக்கட்டும் என்பீர்கள். அதுவும் இப்போது வேண்டாம். 2025-26 கணக்கில் ஆண்டுக்கு 9,535 பவுண், மூன்று ஆண்டுக்கு 28,605. வாடகை, சாப்பாடு தனி. மாசி மழையில் ஒரு மாதம் முழங்காலிட்டு மண் சுரண்டிப் பார்க்காத பிள்ளை தலையில் அந்தக் கடனை ஏற்றக் கூடாது. தொல்லியல் டெக்னீஷியன் அப்ரெண்டிஸ்ஷிப், நிலை 3 (ஏ-லெவலுக்கு ஈடான தகுதி), என்று வேலை செய்துகொண்டே கற்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஏ-லெவல் முடிந்ததும் சேரலாம். கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு. 2025 ஏப்ரலில் சட்டம் வைத்த அடிமட்டம் மணிக்கு 7.55 பவுண். இடங்கள் குறைவு. அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் தளத்தையும் அகழாய்வு நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளையும் வாராவாரம் பார்க்க வேண்டும். பிடித்துப்போனால் பட்டம் பிறகு எடுக்கலாம்.

அங்கே என்ன கற்பாள்? குளியல் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். சூடான அறைகளின் தரை குட்டைச் செங்கல் தூண்கள் மேல் நிற்கும். உலைச் சூடு தூண்களுக்கிடையே ஓடி, சுவரில் பதித்த, உள்ளே குழாய்போல் பொள்ளலான ஓடுகள் வழியே மேலேறும். தூண் செங்கல் ஏறக்குறைய 20 செ.மீ. சதுரம், அவற்றை மூடும் பெரிய செங்கல் 60 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கட்டடம் சரிந்ததும் எல்லாம் ஒரே சிவப்புக் குவியல். அதை வெறும் இடிபாடு என்று வாரிக் கொட்டுவதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை. எந்த மண் படையில் (அடுக்கில்) எந்த வகை ஓடு எத்தனை கிலோ என்று நிறுத்து எழுதினால்தான் எந்த அறைச் சுவரில் சூடு ஏறியது என்று தெரியும். கார்லைலில் பேரரசின் முத்திரை குத்திய ஓடுகள் கிடைத்தன. கழுவிப் பார்க்காமல் எறிந்திருந்தால் அவையும் குப்பைதான்.

உலை வாயில் இன்னொரு பிழை நடக்கும். படம் அழகாக வரட்டும் என்று வெந்த களிமண்ணைச் சுரண்டிவிடுவார்கள். கடைசியாகச் சூடேறி ஆறியபோது பூமியின் காந்தத் திசை அந்த மண்ணில் பதிந்திருக்கும். அசைக்காமல் திசை குறித்து மாதிரி எடுத்தால் காலம் கணிக்கலாம், நகர்த்திவிட்டால் போச்சு.

எனக்குப் பிடித்தது வடிகால் வண்டல்தான். நீராவியில் பசை இளகி, குளிக்க வந்தவர்களின் மோதிரக் கற்கள் அங்கே போய்ச் சேரும். கார்லைலில் 30-க்கு மேல், வேல்ஸின் கெர்லியன் கோட்டைக் குளியலில் 88. சிலது 5 மி.மீ.தான், 10 மி.மீ. சல்லடையில் நழுவிவிடும். அதனால் 40 லிட்டர் வண்டலை அப்படியே வாளிகளில் எடுத்து, 1 மி.மீ. வலையில் தண்ணீரில் அலசுவார்கள். மிதக்கும் கரியையும் விதையையும் இன்னும் நுண்ணிய வலையில் பிடித்து, அடியில் தங்கியதைக் காயவைத்துச் சாமணத்தால் பொறுக்கிப் பையில் போடுவார்கள். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டிலும் படை எண். ஈரத்தில் வெளிச்சீட்டு அழிந்து, உள்ளேயும் சீட்டு இல்லையென்றால் அந்தப் பையில் இருப்பது எந்தக் காலத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வேதியியல் வீணாகுமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். கார்லைலில் ஓர் ஊதா உருண்டை கிடைத்தது. அதில் புரோமினும் தேன்மெழுகும் இருப்பதைச் சோதித்துத்தான், கடல் நத்தையிலிருந்து எடுத்த டைரியன் ஊதாச் சாயம் என்றார்கள்.

சம்பளம் டாக்டரைவிடக் குறைவு, கடைசிவரை குறைவாகவே இருக்கும். அதை அவளிடமும் மறைக்காதீர்கள். பல வேலைகள் சில மாத ஒப்பந்தம். ஊர் ஊராக, பஸ் போகாத வயல்களுக்கு விடியற்காலையில் போக வேண்டும். ஆகவே படிப்புக்கென்று சேர்த்த பணத்தில் முதல் செலவாக அவளைக் கார் ஓட்டப் பழக்குங்கள்.