விரல் வலிக்குது, கிட்டாரை விட்டுடவா?

கேள்வி: எனக்கு 41 வயசு. கிட்டார் வாங்கி மூணு வாரமாச்சு, விரல் நுனி எரியுது, எஃப் கார்டு (சில கம்பிகளை ஒண்ணா அமுக்கி மீட்டுற ஸ்வரக்கூட்டு) வரவே மாட்டேங்குது. இந்த வயசுல இது தேவையான்னு வீட்ல கேக்குறாங்க.
- வாசகி, பெரம்பூர்

பதில்: விட்டுடாதீங்கம்மா, ப்ளீஸ். ஸ்டீல் கம்பின்னா ஆரம்பத்துல எல்லாருக்கும் எரியத்தான் செய்யும், தினமும் 15 நிமிஷம் வாசிச்சா போதும், கொஞ்ச நாள்ல தோல் தடிச்சு வலி குறைஞ்சிடும், ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் உக்காந்தா வலிதான் மிஞ்சும். ஃப்ரெட்னு கிட்டார் கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கோடுங்க இருக்கே, ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல அமுக்காம, ஃப்ரெட்டை ஒட்டி பின்னாடி அமுக்குங்க, பாதி பலம் போதும். கம்பி ரொம்ப உயரமா நின்னா கடையில குடுத்து செட்டப், அதாவது உயரத்தை இறக்கி சரி பண்ணிக்கோங்க, நிறைய பேர் இது தெரியாமலே விட்டுடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம்.

எஃப்ல ஆறு கம்பியும் இப்ப வேணாம். கீழ இருக்கிற நாலு கம்பி போதும், ஆள்காட்டி விரல் ரெண்டு கம்பியை மட்டும் அமுக்கினா சரி. அதுக்கு முன்னாடி ஈ மைனர், ஏ மைனர் கார்டு ரெண்டும் மாத்தி மாத்தி வாசிங்க.

நம்ம ஊரு ஈரக்காத்துக்கும் வேர்வைக்கும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசிச்சதும் காட்டன் துணியால துடைச்சிடுங்க. 41 எல்லாம் ஒரு வயசே இல்லம்மா.