மண் பாதி, காசு பாதி: பினாங்கிலிருந்து கேள்வி பதில்

கே (சுங்கை பட்டாணி): கெடாவில் பழங்கோவில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் ஏன் ஒரு கோபுரம்கூட நிற்கவில்லை?

மெர்போக்கில் சண்டி புக்கிட் பத்து பகாட் என்ற பழங்கோவிலைப் போய்ப் பாருங்கள். அடித்தளம் கல்; மண்டபத்தில் மரத்தூண்களைத் தாங்கிய கல் பீடங்கள் வரிசையாக இருக்கும், தூண்களைக் காணோம். நம் மழைக்கும் கறையானுக்கும் மரம் எத்தனை நாள் தாங்கும்?

கே (பட்டர்வொர்த்): அப்படியென்றால் கலையை முடிவு செய்வது நிலம்தானே ஐயா?

இல்லை தம்பி. தஞ்சைப் பெரிய கோவிலுக்குப் பக்கத்தில் கருங்கல் பாறையே கிடையாது. ஆனாலும் 1010இல் கருங்கல்லிலேயே கட்டி முடித்தார்கள். கல்லைத் தூரத்திலிருந்து இழுத்து வரச் சோழனிடம் ஆளும் காசும் இருந்தன.

கே: தாத்தா கொண்டுவந்த நடராஜர் சிலை, என்ன விலை போகும்?

விலை சொல்ல மாட்டேன். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பழமைக்குச் சாட்சியே மேலே படிந்த அந்தக் களிம்புதான்.

கே (பட்டர்வொர்த்): விட மாட்டேன் ஐயா. வெனிஸ்காரர்கள் சுவரை விட்டுத் துணியில் வரைந்தது எதனால்?

கடல் ஈரத்தில் சுவர் ஓவியம் உரிந்து விழுந்ததால்தான். சரி, பாதி மார்க் உங்களுக்கு. மீதி பாதி, கப்பல் ஊர் என்பதால் பாய்த்துணி தாராளமாகக் கிடைத்ததற்கு.

அப்புறம், சோழர் செப்புத் திருமேனிகளை எங்கே வைப்பீர்கள்? மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நைசான வண்டல் என்பதால் நகை வேலைப்பாடுகூட அச்சில் பதியும். சுவாமிமலையில் இன்றும் இதே முறைதான். இதுவரை உங்கள் கட்சி. ஆனால் டெல்டாவில் செம்பு ஏது? வெளியிலிருந்துதான் வரவேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு? கருவறை மூலவர் நகர மாட்டார், வீதியுலாவுக்கு உற்சவர் வேண்டும். பழைய சிலைகளின் பீடத்தில் கம்பு செருகும் துளைகளைப் பாருங்கள், தோளில் தூக்கிப் போகவே செய்தவை என்பது புரியும். அந்த வழிபாட்டு முறையும், சோழ அரசி செம்பியன் மாதேவி போலக் கொட்டிக் கொடுத்தவர்களும் இல்லையென்றால் வண்டலில் நெல் மட்டும்தான் விளைந்திருக்கும்.

கே (ஈப்போ): கர்நாடகத்து ஹொய்சளர் காலச் சிற்பத்தில் மட்டும் எப்படி அவ்வளவு நுணுக்கம்?

மாவுக்கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், பிறகு இறுகும்.

கே: எங்கள் வீட்டு முருகர் சிலை எத்தனை வருடம் பழசு?

படத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவது பதிலைப் படியுங்கள். புளி வேண்டாம்.

கே (பட்டர்வொர்த்): செம்பு வந்ததே கடல் வழியாக இருந்தால்? கடலும் நிலவியல்தானே?

கடல் எல்லாருக்கும்தான் இருந்தது தம்பி, கப்பலுக்குப் பணம் போட்டது யார்?

கே: புளி வேண்டாம் சரி, எலுமிச்சை?

அதுவும் வேண்டாம்!