கேள்வி – பதில்: மத்தியூஸ் மக்டேவிட்டுக்குச் சமமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஒஸ்ரின் மத்தியூஸ்தானே இன்று என்.எச்.எல். ஐஸ் ஹொக்கி லீக்கிலேயே தலைசிறந்த சென்டர் (நடு முன்கள வீரர்)? ஒரே பருவத்தில் 69 கோல் அடித்தவரை விட்டுவிட்டு எல்லோரும் கொனர் மக்டேவிட்டையே தூக்கிப் பிடிப்பது ரொறன்ரோ மீதுள்ள பொறாமையால்தானே?
– வாசகர் ஒருவர், ஸ்காபரோ

பதில்: இல்லை, இல்லை. இரண்டு கேள்விக்கும் விடை அதுதான். இத்துடன் அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். ஆனால் வாக்கியத்தின் வாசலிலேயே "எங்கள்" என்று உரிமை கொண்டாடியிருக்கிறீர்களே, அது என்னைப் போக விடவில்லை.

எந்த வகையில் எங்கள்? மத்தியூஸ் கலிபோர்னியாவில் பிறந்து, பாலைவனம் சூழ்ந்த அரிசோனாவின் ஸ்கொட்ஸ்டேலில் வளர்ந்து, சுவிட்சர்லாந்தின் சூரிச் அணிக்கு ஒரு பருவம் ஆடிவிட்டு, அணிகள் இளம் வீரர்களை முறை வைத்து எடுக்கும் தெரிவில், 2016ஆம் ஆண்டு முதல் ஆளாக ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தவர். நீங்கள் வேற்றாளாகப் பார்க்கிற மக்டேவிட்டோ ரிச்மண்ட் ஹில்லில் பிறந்து, நியூமார்க்கெட்டில் வளர்ந்து, சிறுவயதில் லீஃப்ஸ் அணிக்காகவே கைதட்டிய பிள்ளை. ஞாயிறு காலையில் நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் 404 நெடுஞ்சாலையில் ஏறினால், கையிலுள்ள கோப்பி ஆறுவதற்குள் அவர் வளர்ந்த ஊருக்குப் போய்விடலாம். ஊர்ப் பாசம்தான் அளவுகோல் என்றால், நீங்கள் தூக்கிப் பிடிக்க வேண்டியவர் எட்மன்ரனில் ஆடுகிறார்.

அவர் அங்கே போனதும் திறமையால் நடந்த காரியம் ஒன்றுமில்லை, குலுக்கலில் நடந்தது. 2015இல் பட்டியலின் அடியில் கிடந்த அணிகளுக்கு, முதல் ஆளைத் தெரிவு செய்யும் உரிமைக்காக நடந்த குலுக்கலில் எட்மன்ரனுக்கு இருந்த வாய்ப்பு 11.5 வீதம், ரொறன்ரோவுக்கு 9.5 வீதம். எட்மன்ரன் வென்று மக்டேவிட்டை எடுத்தது. லீஃப்ஸ் நான்காவதாக மிச் மார்னரை எடுத்தது. இதைவிடச் சுவையான கணக்கு ஒன்றும் இருக்கிறது. அந்த ஆண்டுத் தெரிவில் நிற்பதற்கு, 1997 செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் பிறந்திருக்க வேண்டும். மத்தியூஸ் பிறந்ததோ 17ஆம் திகதி. இரண்டே நாள் முந்திப் பிறந்திருந்தால் அவரும் மக்டேவிட்டோடு ஒரே ஆண்டில் தெரிவுக்கு நின்றிருப்பார். நான்காம் இடத்திலிருந்த ரொறன்ரோவின் முறை வரும்வரை அவரை யாராவது மிச்சம் விட்டிருப்பார்களா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "எங்கள்" என்று எழுதும்போது, அவருடைய தாயாருக்கு ஏற்பட்ட அந்த இரண்டு நாள் தாமதத்துக்கும் ஒரு நன்றி சொல்லிவிடுவது முறை.

இனி எண்களுக்கு வருவோம். முடியாத பருவத்தின் கணக்கைக் கொண்டு வாதாடுவது எனக்குப் பிடிக்காது என்பதால், 2024-25 பருவத்தின் முடிவோடு நிறுத்திக்கொள்கிறேன். பருவம் முடிந்தபின் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்களையும் இதில் சேர்க்கவில்லை. மத்தியூஸ் 629 ஆட்டங்களில் 401 கோல், 326 அசிஸ்ட் (கோலுக்கு முந்திய கடைசி இரண்டு பாஸ்களில் ஒன்றைக் கொடுத்தது), ஆக மொத்தம் 727 புள்ளிகள் எடுத்திருக்கிறார். மக்டேவிட் 712 ஆட்டங்களில் 361 கோல், 721 அசிஸ்ட், ஆக 1,082 புள்ளிகள். கோலை மட்டும் எண்ணினால் உங்கள் ஆள்தான் முன்னே நிற்கிறார், அதுவும் 83 ஆட்டங்கள் குறைவாக ஆடி. இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒரு காரியம் செய்யுங்கள். மக்டேவிட் பிறந்ததிலிருந்து ஒரு கோல்கூட அடித்ததில்லை என்று வைத்துக்கொண்டு, அவருடைய 361 கோலையும் அள்ளிக் குப்பையில் போடுங்கள். மிஞ்சுகிற அசிஸ்ட் 721. மத்தியூஸ் கோலும் அசிஸ்டுமாகச் சேர்த்து வைத்திருப்பது 727. மக்டேவிட் கூடுதலாக ஆடிய ஆட்டங்களுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், ஆட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அசிஸ்ட் கொடுக்கும் ஒருவரையும் ஆட்டத்துக்கு அரை என்ற கணக்கில் கொடுக்கும் ஒருவரையும் சென்டர் என்ற முறையில் சமம் என்று சொல்ல என் பேனா எழும்பாது.

"இரண்டாவது அசிஸ்ட் சும்மா கிடைப்பது, அதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா" என்று உடனே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். இந்தப் பக்கத்துக்கு அந்தக் கடிதம் பருவந்தோறும் தவறாமல் வருகிறது. சேர்க்கலாம். சென்டர் என்பவர் தன் கோலுக்கு முன்னால் தற்காப்பு வீரர்களுக்குத் துணையாக நின்று, பக் என்கிற ரப்பர் வட்டைப் பறித்து, நடுக்களத்தின் வழியாக அதை ஏற்றிக்கொண்டு போய், இரு பக்கத்து விங்கர்களுக்கும் பகிர்ந்து கொடுப்பவர். கோல் விழுவதற்கு இரண்டு பாஸுக்கு முன்னால் எதிரணி வீரர்கள் மூவரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு ஒருவர் பக்கை விலக்கிக் கொடுத்தால், அந்த வேலைக்குப் பெயர் "சும்மா" என்றால், கொஞ்சம் உழைத்துச் செய்கிற வேலை எது என்று அவர்கள் எனக்குச் சொல்லட்டும்.

2020 ஜனவரி 6ஆம் திகதி ரொறன்ரோ அரங்கில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். லீஃப்ஸின் மோர்கன் ரைலி லேசுப்பட்ட ஆளில்லை. பின்னோக்கிச் சறுக்குவதில் லீக்கின் நல்ல தற்காப்பு வீரர்களில் ஒருவர். முழு வேகத்தில் வந்த மக்டேவிட், வேகத்தைக் குறைக்காமலே, மட்டையின் ஒரு அசைவில் ரைலியின் கால்களை ஒரு பக்கம் திரும்ப வைத்துவிட்டு மறுபக்கம் போய்விட்டார். கோல் காப்பாளர் ஹட்சின்சன் பக்கைப் பார்த்தபோது அது வலைக்குள் கிடந்தது. மற்றவர்கள் வேகத்தில் இருக்கும்போது பக்கைக் கையாளத் திணறுவார்கள், அல்லது கையாளும்போது வேகம் குறைவார்கள். இவருக்கு இரண்டும் ஒரே செயல்.

மத்தியூஸின் வித்தை வேறு. அவர் ஆளைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தற்காப்பு வீரர் எதிரே நின்றால் அவருக்கு இன்னும் வசதி: மட்டையின் நுனியால் பக்கைத் தன் காலடிக்கு இழுப்பார், இழுத்த அதே அசைவிலேயே மணிக்கட்டால் விடுவார். தற்காப்பு வீரரின் காலும் மட்டையும் கோல் காப்பாளரின் கண்ணை மறைக்கும். பக் வரும் கோணமோ கடைசி நொடியில் ஓரடி மாறியிருக்கும். 2023-24இல் அவர் அடித்த 69 கோல், 1995-96இல் மாரியோ லெமியூ அடித்த 69க்குப் பிறகு லீக்கில் எவரும் ஒரே பருவத்தில் தொடாத எண்ணிக்கை. அதே ஆண்டில் சிறந்த தற்காப்பு முன்கள வீரருக்கான செல்கி விருதின் இறுதி மூவரில் அவரும் ஒருவர் என்பதை அவருடைய ரசிகர்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள். உலகத்தில் இன்று கோல் அடிக்க ஒருவரைக் கூப்பிடு என்றால் நானும் மத்தியூஸைத்தான் கூப்பிடுவேன்.

பொறாமை விஷயம். தொலைக்காட்சிக் குழுவினர் மத்தியூஸுக்கு நெஞ்சுரம் போதாது என்று பேசுவதை நான் பல காலமாகக் கண்டித்து எழுதி வருகிறேன். நெஞ்சுரத்தை அளக்கும் கருவியை அவர்கள் எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனாலும் எண் என்று ஒன்று இருக்கிறது. 2018, 2019, 2021, 2022, 2024, 2025 ஆகிய ஆறு ஆண்டுகளின் பிளேஓஃபிலும் லீஃப்ஸ் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது. அந்த ஆறு ஆட்டங்களிலும் ஆடிய மத்தியூஸ் அடித்த கோல் பூச்சியம். மக்டேவிட்டும் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியதில்லை என்பீர்கள். உண்மைதான், 2024, 2025 இரண்டு இறுதித் தொடர்களிலும் புளோரிடாவிடம் தோற்றவர் அவர். ஆனால் 2024இல் 25 பிளேஓஃப் ஆட்டங்களில் 42 புள்ளிகள் எடுத்து, தோற்ற அணியில் இருந்துகொண்டே, பிளேஓஃபின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் விருதை வாங்கிக்கொண்டு போனார். அந்த விருதை வாங்கிய ஒரே லீஃப்ஸ் வீரர் டேவ் கியோன்; ஆண்டு 1967. அவரும் சென்டர்தான்.

இருவரும் நேருக்கு நேர் நின்ற மிகப் பெரிய இரவு 2025 பெப்ரவரி 20: பொஸ்ரனில் நான்கு நாடுகள் தொடரின் இறுதியாட்டம். அமெரிக்க அணியின் தலைவர் மத்தியூஸ். இரண்டு அசிஸ்டோடு மிக நன்றாக ஆடினார், கூடுதல் நேரத்தில் அவர் அடித்ததைக் கனடாவின் கோல் காப்பாளர் பினிங்டன் தடுத்திராவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். முடித்து வைத்தவர் மக்டேவிட், கோலுக்கு நேர் முன்னே தனியாக விடப்பட்டு நின்றபடி. பக்கைக் கொடுத்தவர் யார் தெரியுமோ? அப்போது மத்தியூஸின் பக்கத்தில் ரொறன்ரோவுக்கு ஆடிக்கொண்டிருந்த அதே மார்னர். அன்றிரவு ஸ்காபரோவில் நீங்கள் யாருக்காகக் கைதட்டினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

சொந்த ஊர்ப் பிள்ளை எதிரணியில் நின்று நம்மைக் கவிழ்ப்பது இந்த நகரத்துக்குப் புதிதில்லை. 1992-93இல் டக் கில்மோர் 127 புள்ளிகள் எடுத்தார். லீஃப்ஸ் வரலாற்றில் ஒரே பருவத்தில் அதுதான் உச்சம். செல்கி விருதும் அவருக்கே. அந்தப் பருவத்துப் பிளேஓஃப் தொடரில் 3-2 என்று முன்னணியில் இருந்தபடி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போன லீஃப்ஸை, ஆறாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து வீழ்த்தியவர் இங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள பிராண்ட்ஃபர்டில் பிறந்த வெய்ன் கிரெட்ஸ்கி. அதற்குச் சற்று முன்னர் அவருடைய மட்டை கில்மோரின் முகவாயில் பட்டு இரத்தம் கொட்டியதும், மத்தியஸ்தர் கெரி ஃபிரேசர் பெனால்டி கொடுக்காமல் விட்டதும் ஊரறிந்த கதை. பழசைக் கிளறாதீர்கள் என்று சந்தாதாரர் ஒருவர் என்னைக் கடிந்து எழுதியிருக்கிறார். அவருடைய சந்தாவை நான் நிறுத்தவில்லை, அதுவே என் பெருந்தன்மைக்குச் சான்று. ஆனால் ஃபிரேசரைத் திட்டித் தீர்த்தவர்கள் வசதியாக மறப்பது ஏழாவது ஆட்டத்தை: ரொறன்ரோவிலேயே நடந்த அதில் கிரெட்ஸ்கி மூன்று கோல் அடித்தார், லீஃப்ஸ் 5-4 என்று தோற்றது. அந்த மூன்று கோலுக்கும் மத்தியஸ்தர் பொறுப்பில்லை.

வரிசை கேட்டால் என் வரிசை இது: மக்டேவிட் முதலாவது, யாரும் பக்கத்தில் இல்லை. நேதன் மக்கினன் இரண்டாவது. 2023-24இல் 140 புள்ளிகள் எடுத்து, லீக்கின் மிகப் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருதை வென்றவர், 2022இல் கிண்ணமும் தூக்கியவர். மூன்றாவது லியோன் ட்ரைசைட்டில். உங்கள் ஆளை நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர் உண்மையில் இவர்தான்: இவரும் கோல் அடிப்பவர், 2024-25இல் 52 அடித்தார், அந்த பிளேஓஃபில் கூடுதல் நேரத்தில் மட்டும் நான்கு கோல் அடித்து லீக் சாதனை படைத்தார். நான்காம் இடத்தை மத்தியூஸுக்கும் புளோரிடாவின் பார்கோவுக்கும் பொதுவாக எழுதி வைக்கிறேன். செல்கியை மூன்று முறையும் கிண்ணத்தை இரண்டு முறையும் வென்ற பார்கோவை மத்தியூஸுக்குக் கீழே தள்ள எனக்கு மனமில்லை. உலகத்தில் நான்காவது சென்டர் என்பது குறைவான பட்டமா?

மத்தியூஸின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 13.25 மில்லியன் அமெரிக்க டொலர். மக்டேவிட் 2025 ஒக்ரோபரில் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம் 12.5 மில்லியன், தன் அணி மற்றவர்களையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் குறைத்து வாங்கினார். இருவர் ஒப்பந்தமும் 2028 கோடையில் ஒன்றாக முடிகின்றன. அதற்கு முன்னர் மத்தியூஸை வேறு அணிக்கு மாற்றிவிடலாமா என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம்: அவர் சம்மதம் இல்லாமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.